போராட்டமே! பெண்கள் வாக்குரிமை குறித்த பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது போராட்டத்தாலா, காலமாற்றத்தாலா?" காலமாற்றத்தால்தான் என்று பேசிய எதிரணித் தலைவர் மூன்று காரணம் சொன்னார். முதல் உலகப் போரில் பெண்கள் தொழிற்சாலைக்கு வந்து உழைத்ததைப் பார்த்து அரசுகள் மனம் மாறின என்றார். கல்வி வளர்ந்தது, தொழில் வளர்ந்தது, பழம் கனிந்து தானாக விழுந்தது என்றார். இந்தியாவிலோ பெண்கள் கேட்காமலேயே அரசியல் சட்டம் கொடுத்துவிட்டது என்றார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று பார்த்தால் இந்த மூன்றும் நிற்காது, நடுவர் அவர்களே.

போரிலிருந்தே தொடங்குகிறேன். பிரிட்டனில் 1918-இல் வந்த சட்டம் எந்தப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது? 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவருக்கோ அவர் கணவருக்கோ வீடு, சொத்து சார்ந்த தகுதியும் இருக்க வேண்டும். அப்படிக் கிடைத்தவர்கள் சுமார் 84 லட்சம் பேர். ஆண்களுக்கு 21 வயது போதும், போர்ப்பணியில் இருந்தவர்களுக்கு 19 போதும். சரி, போர்க்காலத்தில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் ரசாயனம் ஏறித் தோலே மஞ்சளாகும் அளவுக்கு வேலை பார்த்த பெண்கள் யார்? அவர்களில் பெரும்பாலோர் 30 வயதைத் தொடாத இளம்பெண்கள். போரில் உழைத்ததற்குப் பரிசு என்றால் முதலில் அவர்கள் கையில்தானே வாக்குச்சீட்டு வந்திருக்க வேண்டும்? அவர்களைத்தான் அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. போரில் ஆண்கள் லட்சக்கணக்கில் மடிந்துவிட்டார்கள். வயதைச் சமமாக வைத்தால் பெண் வாக்காளர்கள் எண்ணிக்கையில் மிஞ்சிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். நன்றி உணர்வு இப்படிக் கணக்குப் போடாது.

போருக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டுப் போர்முனையில் இருந்த சிப்பாய்கள் பழைய விதிப்படி வாக்காளர் தகுதியை இழந்தார்கள். அதனால் சட்டத்தைத் திருத்த வேண்டிய கட்டாயம் வந்தது. கதவு கொஞ்சம் திறந்தது உண்மை. ஆனால் அந்த நேரத்தில், 1916-இல், பிரதமர் ஆஸ்க்வித்துக்குக் கடிதம் எழுதி, "திருத்துவதாக இருந்தால் எங்களை விட்டுவிட்டுத் திருத்தக் கூடாது" என்ற கோரிக்கையை வைத்தவர் பெண்கள் வாக்குரிமை இயக்கத் தலைவர் மில்லிசென்ட் ஃபாசெட். அவருக்குப் பின்னால் ஊர் ஊராகக் கட்டிய அமைப்பு இருந்தது. அப்படியொரு அமைப்பு இல்லாமல் இருந்திருந்தால் சிப்பாய்களுக்கு மட்டும் சட்டத்தைத் திருத்திவிட்டுக் கோப்பை மூடியிருப்பார்கள்.

பிரான்சைப் பாருங்கள். அதே போர்தான். அங்கேயும் பெண்கள் ஆயுதத் தொழிற்சாலையில் நின்றார்கள், வயலை உழுதார்கள், காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். போர் முடிந்தது. 1919-இல் கீழவை பெண்களுக்கு வாக்குரிமை தர ஒப்புக்கொண்டது. 1922-இல் மேலவையான செனட் அதைத் தள்ளியது. அப்புறம் 1944 வரை பிரெஞ்சுப் பெண்ணுக்கு வாக்கு இல்லை. போர்தான் கொடுத்தது என்றால், ஒரே போர் ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிரிட்டனில் கொடுத்து, இந்தப் பக்கம் பிரான்சில் ஏன் கொடுக்கவில்லை?

பிரிட்டனில் அவர்கள் கொடுத்த விலையையும் இந்த அவை கேட்க வேண்டும். 1866-இல் சுமார் 1,500 பெண்கள் கையெழுத்திட்ட மனுவை உறுப்பினர் ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் கொடுத்தார். மறு ஆண்டு அவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவு 73, எதிர்ப்பு 196. அதற்குப் பிறகும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மனு, கூட்டம், மசோதா என்று அமைதியாகத்தான் கேட்டார்கள். எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1903-இல் மான்செஸ்டரில் தனி அமைப்பு தொடங்கி, "சொல் அல்ல, செயல்" என்று இறங்கியது அதற்கும் பின்னால். ஜன்னல்களை உடைத்தார்கள், தீயும் வைத்தார்கள்; தீ வைத்ததை நான் இங்கே நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் நாற்பது ஆண்டு மனுவைக் குப்பையில் போட்டவர்களைப் பற்றி எதிரணி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே?

1909-இல் அந்த அமைப்பைச் சேர்ந்த மேரியன் வாலஸ் டன்லப் சிறையில் சாப்பிட மறுத்து 91 மணி நேரம் பட்டினி கிடந்தார்; விடுதலை செய்தார்கள். மற்றவர்களும் அதே வழியில் இறங்கியதும் அரசு வேறு முறைக்குப் போனது. பெண்களைப் பிடித்து அமுக்கிக்கொண்டு, மூக்கு வழியாகவோ தொண்டை வழியாகவோ குழாயைச் செருகி உணவை ஊற்றினார்கள். நாட்டில் கண்டனம் கிளம்பியதும் 1913-இல் ஒரு சட்டம்: பட்டினியால் சாகும் நிலைக்கு வந்தால் வெளியே விடு, உடம்பு தேறியதும் மறுபடி பிடித்து உள்ளே போடு. பூனை எலியைப் பிடித்து விட்டுப் பிடிக்கும், அதனால் மக்கள் அதைப் "பூனை எலிச் சட்டம்" என்றே அழைத்தார்கள். பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்கின் பேத்தி சோஃபியா துலீப் சிங் அந்தப் போராட்டத்தில் இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1910 நவம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தை நோக்கிப் போன பெண்களைக் காவலர்கள் அடித்துத் தள்ளினார்களே, அந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் அவர் நடந்தார். வாக்கு இல்லையென்றால் வரியும் இல்லை என்று மறுத்தார்; அவருடைய நகை ஏலத்துக்குப் போனது.

அடுத்து அந்தக் கனிந்த பழம். அதை மரத்தில் ஏறிப் பறித்தவர்களைக் காட்டுகிறேன். உலகில் முதலில் தேசிய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த சுயாட்சி நாடு நியூசிலாந்து. ஆண்டு 1893. எந்த உலகப் போரும் நடக்கவில்லை. அங்கே இயக்கத்தை நடத்திய கேட் ஷெப்பர்டும் தோழிகளும் 1891-இல் மனு கொடுத்தார்கள், தோற்றது. 1892-இல் இன்னும் பெரிய மனு, அதுவும் தோற்றது. 1893-இல் கிட்டத்தட்ட 32,000 கையெழுத்துகள்! முக்கிய மனுவின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டினால் சுமார் 270 மீட்டர் நீளம். ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை அவையின் நடுவே உருட்டிவிட்டுக் காட்டினார். பிரதமர் செடனுக்கு இதில் விருப்பமே இல்லை. மேலவையில் மசோதாவைத் தோற்கடிக்க அவர் காய் நகர்த்தியதில் கோபப்பட்ட இரண்டு உறுப்பினர்கள் தங்கள் நிலையை மாற்றி ஆதரவாக வாக்களிக்க, 20-க்கு 18 என்று நிறைவேறியது. "பார்த்தீர்களா, அதிர்ஷ்டம்" என்று எதிரணி சொல்லலாம். அந்த மசோதாவை இரண்டு வாக்கு வித்தியாசத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது அந்தக் கையெழுத்துகள்தானே?

அமெரிக்காவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1848-இல் செனெகா ஃபால்ஸ் மாநாட்டில் கோரிக்கை எழுந்தது. 1872-இல் வாக்களித்த குற்றத்துக்காக வாக்குரிமைப் போராளி சூசன் பி. அந்தோனிக்கு 100 டாலர் அபராதம். அவர் கடைசிவரை கட்டவில்லை. 1920-இல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது அவர் இறந்து 14 ஆண்டுகள். அதற்குப் பிறகும் தென் மாநிலக் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை போராட வேண்டியிருந்தது.

இந்தியாவில் கேட்காமலே கிடைத்தது என்றாரே, அதுதான் என்னை மிகவும் வருத்தியது. 1917 டிசம்பரில் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு நேரில் போய் வாக்குரிமை கேட்டது. அதே ஆண்டு தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் மார்கரெட் கசின்ஸ் அதற்கு முன்நின்றவர். வாக்குரிமையை ஆராய வந்த குழு பெண்களுக்கு வேண்டாம் என்றது. வாக்குரிமைக்காகப் போராடிய ஹீராபாய் டாட்டா மகளோடு லண்டனுக்கே போய் வாதாடினார். கடைசியில் முடிவை மாகாணங்களிடம் விட்டார்கள். 1921-இல் சென்னை மாகாணம் சொத்துத் தகுதியோடு பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950-க்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டிருக்கிறார்கள்.

இலங்கையில் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய பிரிட்டன் அனுப்பிய டொனமோர் ஆணைக்குழு முன், பெண்கள் வாக்குரிமை கேட்டுப் போராடிய ஆக்னஸ் டி சில்வா சாட்சியம் சொல்லப் போனார். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார். வாக்குரிமை 1931-இல் வந்தது.

எதிரணி அடுத்து சுவிட்சர்லாந்தைக் கொண்டுவரும் என்று எனக்குத் தெரியும். அங்கே பெண்கள் போராடியும் பல்லாண்டு கிடைக்கவில்லையே என்பார்கள். உண்மை. 1929-இலேயே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மனு கொடுத்தார்கள், கிடப்பில் போட்டார்கள். அங்கே இது நாடாளுமன்றத்தோடு முடிகிற காரியம் இல்லை, நாட்டின் ஆண்கள் வாக்களித்து, பெரும்பான்மையோடு சம்மதிக்க வேண்டியிருந்தது. 1959-இல் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். பெண்களின் வாக்குரிமையை விலக்கிவைத்துவிட்டு ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட அரசு நினைத்தது. 1969 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் பெர்ன் நகரில் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். 1971-இல் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் சரி என்றார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறிய மாநிலம் மட்டும், தன் மாநிலத் தேர்தலில் பெண்களைச் சேர்க்கவே இல்லை. 1990 ஏப்ரலில் அங்கே ஆண்கள் கூடி மறுபடியும் கையை உயர்த்தி மறுத்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் உச்ச நீதிமன்றம் வரை வழக்கை இழுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது.

ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் அந்த ஊரில் எந்தக் காலம் மாறியது, நடுவர் அவர்களே? எதிரணியில் அடுத்துப் பேசுபவர் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.