ஆண்டி போனது சரிதான், நைஜல் ஏன் போகவில்லை?

சரி, அடுத்த கேள்வி. மஸ்கெலியாவைச் சேர்ந்த ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். இப்போது கொழும்பில், புறக்கோட்டைப் பக்கம் ஒரு உடுப்புக் கடையில் வேலை செய்கிறாராம். அப்படியே வாசிக்கிறேன். "அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் 'தி டெவில் வேர்ஸ் பிராடா' பார்த்தேன். கடைசியில் ஆண்டி ஃபோனைத் தண்ணீரில் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போகிறாளே, அது சரியா? நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தி அப்படிப் போக முடியுமா?"

இந்தக் கேள்வி வந்ததிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. படம் 2006இல் வந்தது. பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஆண்டி பத்திரிகையாளராக வேண்டும் என்று நியூயோர்க்கில் வேலை தேடுகிற பெண். 'ரன்வே' என்ற பெஷன் சஞ்சிகையின் ஆசிரியர் மிராண்டாவுக்கு உதவியாளராகச் சேர்கிறாள். மெரில் ஸ்ட்ரீப்தான் மிராண்டா. படம் முழுக்க அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. அந்த மெல்லிய குரலைக் கிளின்ட் ஈஸ்ட்வுட்டிடமிருந்து எடுத்ததாக ஸ்ட்ரீப் பிறகு சொன்னார். மெதுவாகப் பேசும்போது மற்றவர்கள்தான் கிட்ட வந்து காது கொடுக்க வேண்டும். அதிகாரம் என்றால் அதுதான்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டி போனது சரி. ஏன் என்றால், அது அவளுடைய வேலையே இல்லை. ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பிறகு எந்தப் பத்திரிகையிலும் சேரலாம் என்றுதான் அவள் வந்தாள். ஸ்டான்போர்டில் சட்டம் படிக்கக் கிடைத்த இடத்தையே வேண்டாம் என்றவள். இன்னொருத்தருடைய கனவை விட்டுவிட்டுப் போவதில் அவளுக்குப் பெரிய நட்டம் இல்லை. அப்புறம், போன பிறகும் புதுப் பத்திரிகையில் அவளுக்குக் கைகொடுத்தது மிராண்டாவின் வார்த்தைதான். என்னிடம் இருந்த உதவியாளர்களில் இவளைப்போல எனக்கு ஏமாற்றம் தந்தவர் யாரும் இல்லை, ஆனால் இவளை எடுக்காவிட்டால் நீங்கள் முட்டாள் என்று அந்த அம்மாவே எழுதி அனுப்புகிறார். ஃபோன் தண்ணீருக்குள் போனது, ஆனால் அவள் காட்டிய திறமை வீண் போகவில்லை.

நம்ம பிள்ளை போக முடியுமா? தங்கச்சி, உங்களுக்கே தெரியும். மாசக் கடைசியில் வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டும். தம்பி உயர்தரம் படிக்கிறான் என்றால் டியூஷன் காசு. கடைக்காரரே தங்க இடமும் கொடுத்திருந்தால், வேலையை விடுகிற அன்றைக்கு ராத்திரி படுக்க இடமும் இல்லை. அதனால் அடுத்த வேலையைப் பேசி வைத்துக்கொண்டு, சம்பளத்தையும் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு போங்கள். இதை நான் பயத்தில் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்த எத்தனையோ பிள்ளைகள் ஒரு கோபத்தில் வேலையை விட்டுவிட்டு, திரும்பவும் லயத்துக்கே, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கே வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எல்லோரும் ஆண்டியைப் பற்றியே கேட்கிறீர்கள். நைஜலைப் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லையே! எனக்கு அந்தப் படமே நைஜல்தான்.

அவர் அங்கே கலை இயக்குநர். ஆண்டிக்கு உடுப்பு தேடிக் கொடுத்து அவளை ஆளாக்குகிறவர். ஓர் இடத்தில் அவளுக்குச் சொல்கிறார்: ரோட் ஐலண்டில் ஆறு சகோதரர்களோடு வளர்கிற ஒரு பையன், உதைபந்தாட்டப் பயிற்சிக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தையல் வகுப்புக்குப் போகிறான், ராத்திரி போர்வைக்குள் டோர்ச் அடித்து இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறான். அந்தப் பையன் யார் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. நம்ம மலையில் அப்படி எத்தனை பையன்கள்! தையல் படிக்கிறேன் என்றால் ஊர் சிரிக்கும் என்று ஒளித்து ஒளித்துப் படித்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்த நைஜலுக்குப் பாரிசில் ஒரு பெரிய பதவி வருவதாக இருக்கிறது. ஜேம்ஸ் ஹோல்ட் என்ற வடிவமைப்பாளரின் நிறுவனத்தில் முக்கியமான இடம். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக என் வாழ்க்கையை நானே நடத்தப் போகிறேன் என்று ஆண்டியோடு கிளாஸைத் தட்டிக் குடிக்கிறார். இத்தனை தடவை பாரிசுக்கு வந்தும் பாரிசைப் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கலாம் என்கிறார். மறுபடி அந்த மதிய விருந்துக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். மிராண்டா மேடையில் அந்தப் பதவிக்கு வேறு ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறார். தன்னுடைய நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள நைஜலின் நாற்காலியைக் கொடுத்துவிட்டார். நைஜல் எழுந்து கத்தவில்லை. நேரம் வரும்போது எனக்கு மிராண்டா திருப்பிச் செய்வாள் என்கிறார். நிச்சயமாகவா என்று ஆண்டி கேட்கிறாள். இல்லை, ஆனால் நம்பித்தானே ஆக வேண்டும் என்கிறார்.

இதே வார்த்தையை நான் எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன். சித்தி தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். டவுனில் ஒரு டெய்லர் கடையில் பிளவுஸ் தைக்கப் பழகி, அப்புறம் கார்மெண்ட்ஸுக்குப் போனார். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்து, கிராமங்களுக்கும் தொழிற்சாலைகள் போயின. கொழுந்தைத் தவிர வேறு ஒரு சம்பளம் என்று நம்ம பெண்கள் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் அப்படித்தான்.

சித்திக்குத் தொழிற்சாலைத் தையல் வரிசையில், அதாவது லைனில், சட்டைக்குக் கை இணைக்கிற வேலை. கைத்துண்டின் மேல் வளைவு, உடம்புத் துண்டின் வளைவைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தைக்கும்போது அந்த மிச்சம் சுருக்கமாக நின்றுவிடக் கூடாது, தெரியாமல் உள்ளே கரைய வேண்டும். சித்தி குண்டூசி குத்த மாட்டார். இடது கை விரல் இரண்டால் மேல் துணியைப் பிடித்து, கீழ்த் துணியை லேசாக விட்டு விட்டு, ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுவார். முடித்த தையலில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். சுருக்கம் இருந்தால் நகத்துக்குத் தெரியும். மணித்தியாலத்துக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதி வைத்திருப்பார்களே, அந்தக் கணக்கையும் பிடித்துக்கொண்டு இவ்வளவும் செய்வார்.

சூப்பர்வைசர் பதவி உனக்குத்தான், உனக்குத்தான் என்று அங்கே வருடக்கணக்காகச் சொன்னார்கள். கடைசியில் அது சித்தி பழக்கிவிட்ட ஒரு பிள்ளைக்குப் போனது. எந்த இடம் என்று நான் சொல்லப் போவதில்லை. அன்றைக்குச் சித்தி சொன்னது, அடுத்த தடவை பார்ப்பாங்க. அதே நைஜல்.

பிறகு ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து இந்தப் படத்தை நிறுத்தி நிறுத்தி விளங்கப்படுத்திக்கொண்டே பார்த்தேன். அந்த நீல ஸ்வெட்டர் காட்சி, நான் முன்பே ஒரு வீடியோ முழுக்கப் பேசியது, அதை அவர் ரொம்பக் கவனித்தார். பெரிய வடிவமைப்பாளர்களின் மேடையில் தொடங்கிய நீலம் பெரிய கடைகளுக்கு வந்து, அப்புறம் மலிவு விலைத் தொட்டியில் விழுந்து ஆண்டி உடம்புக்கு வந்தது என்று மிராண்டா வரிசையாகச் சொல்கிறார் இல்லையா? "நடுவுல தைச்சது யாரு?" என்று கேட்டார் சித்தி. எனக்கு வாயடைத்துப் போனது. அந்த நீலத்தில் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன என்று மிராண்டா சொல்கிறார், ஆனால் ஒரு மெஷின்கூட அவர் பேச்சில் இல்லை. நைஜல் காட்சி வந்தபோது சித்தி இன்னொன்று சொன்னார். "அந்த மனுசனுக்குத் தைக்கத் தெரியுந்தானே? அப்ப ஏன் அங்கயே கிடக்கணும்?"

நம்ம சேனலில் பழையவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது மனப்பாடம். வேலை உங்களுடையது, நாற்காலி அவர்களுடையது. திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் நைஜல் தடுமாறியது இங்கேதான். போர்வைக்குள் டோர்ச் அடித்துப் படித்த காலத்தில் அந்தச் சஞ்சிகை அவருக்கு உயிர் கொடுத்தது. அந்த நன்றியை அவர் மிராண்டாவுக்குச் செலுத்திக்கொண்டே இருக்கிறார். சஞ்சிகை வேறு, அதன் நாற்காலியில் இருக்கிறவர் வேறு. நம்ம ஆட்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தொழிலைக் கற்றுக் கொடுத்த இடம் என்றால் சாகும் வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வோம். தோட்டத்துத் துரை ஒரு நாள் பார்ப்பார் என்று காத்திருந்த தாத்தாமார்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் காத்திருப்பு நமக்குள் ஊறிவிட்டது.

அதனால் தங்கச்சி, ஃபோனை எறிவதா வேண்டாமா என்பதை விட்டுவிடுங்கள். உடுப்புக் கடையில் நிற்கிறீர்கள். தினமும் எத்தனை துணி உங்கள் கை வழியாகப் போகிறது! எது சுருங்கும், எது சாயம் போகும், எந்த அளவு எந்த உடம்புக்குச் சரிவரும் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு வெட்டும் தையலும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையில் தையல் பயிற்சி உண்டு. என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கையில் இருந்தால் இன்னொரு இடத்தில் போய்ப் பேசலாம். உயர்தரம் நன்றாகச் செய்த பிள்ளைகளுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பெஷன் டிசைன் பட்டப்படிப்பே இருக்கிறது. அதற்கு உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும். மலையகத்துப் பிள்ளைகள் அதற்கு நிறையப் பேர் விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

சித்தி இப்போது அந்த இடத்தில் இல்லை. ஊரில் மெஷின் போட்டுத் தைக்கிறார், இரண்டு பிள்ளைகள் பழகுகிறார்கள். அவர்கள் தைத்த கையில் நகத்தை ஓட்டிப் பார்த்து, பிரி என்று திருப்பிக் கொடுக்கிறார். பிரிக்கிறார்கள், திரும்பத் தைக்கிறார்கள்.

அடுத்தது பண்டாரவளையிலிருந்து, மிராண்டாவின் மற்ற உதவியாளர் எமிலியைப் பற்றிய கேள்வி. பாரிசுக்குப் போக அவ்வளவு ஆசைப்பட்டவள் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளே, அவள் இடத்தை ஆண்டி எடுத்தது நியாயமா என்று கேட்டிருக்கிறார். வாருங்கள், அதைப் பார்ப்போம்.