ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போச்சா?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார்: "ஏழு மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. போன வாரம் ஒரு நாள் குடித்துவிட்டேன். மறுநாளும் குடித்தேன். இவ்வளவு நாள் இருந்தது வீண்தானே?"

சரி, முதலில் அந்த மறுநாளைப் பார்ப்போம். முதல் நாள் குடித்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். மறுநாள் குடித்ததற்கு, பெரும்பாலும் அந்த முதல் நாளே காரணம். காலையில் கண் விழித்ததுமே "நான் உருப்பட மாட்டேன்" என்று தோன்றும். "போனது போச்சு, இன்னும் ரெண்டு குடித்தால் என்ன" என்பது அதன் பின்னாலேயே வரும். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான். சறுக்குவது வேறு, விழுந்தே கிடப்பது வேறு. சறுக்கியவரைப் பிடித்துத் தள்ளுவது பல நேரம் அந்தக் குற்ற உணர்ச்சி என்றார். திட்டினால் வெட்கப்பட்டுத் திருந்துவார் என்று வீட்டில் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, வெட்கம் பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

ஏழு மாதம் என்றால் 200 சாயங்காலத்துக்கு மேல். அத்தனையையும் குடிக்காமல் கடந்தது நீங்கள்தானே? அந்தப் பழக்கம் இரண்டு நாளில் அழியாது.

அப்புறம், ஒரு பேப்பரை எடுத்து அந்த நாளைக் கடைசியிலிருந்து எழுதுங்கள். இரவு எட்டு மணிக்குக் கையில் கிளாஸ். ஆறு மணிக்குப் பழைய கூட்டாளியின் போன். ஐந்து மணிக்கு வேலையிடத்தில் சண்டை. மதியம் சாப்பிடவில்லை. முந்தின ராத்திரி தூக்கமில்லை. உங்கள் பேப்பரில் வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஒன்றாவது அநேகமாக இருக்கும். எட்டு மணிக்கு கிளாஸைக் கீழே வைப்பது கஷ்டம். ஒரு மணிக்குச் சாப்பிடுவது சுலபம்.

அதையும் மீறி ஆசை வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். தொண்டையில் வறட்சியா, வயிற்றில் இறுக்கமா? அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் பர்ஸையும் போனையும் வீட்டில் வைத்துவிட்டு ஒரு நடை போய் வாருங்கள். கையில் காசு இல்லாத நடை பெரிய வைத்தியம், சிரிக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்றீர்கள், நல்லது. இதைக் கேட்கும் வேறு யாராவது தினமும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தால், வைராக்கியத்தில் ஒரே நாளில் தானாக நிறுத்த வேண்டாம். முதல் சில நாட்களில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் கண்காணிப்பில், மருந்தோடு நிறுத்துங்கள்.

நீங்கள் இன்றைக்குச் செய்ய வேண்டியது, திட்டாமல் கேட்கக்கூடிய ஒருவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்வது. எட்டு மணிக்கு முன்னால்.