கரீபியன் கடலில் ஒரு சேலம், அங்கே ஒரு ஐரிஷ் திருநாள்

வணக்கம் நண்பர்களே. காற்று பலமாக அடிக்கிறது, இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மார்ச் 17. நான் நிற்கும் ஊரின் பெயர் சேலம். ஆமாம், சேலமேதான்! மான்செராட் என்ற சின்னத் தீவில் இருக்கிறது இந்தச் சேலம். என் அம்மா பிறந்தது நம்ம ஊர் சேலத்தில். அதனால் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் முதலில் அவருக்குத்தான் படம் அனுப்பினேன்.

மூன்று வருடமாக நான் பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவில் வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து சின்ன விமானத்தில் ஏறினால் இருபது நிமிடம்தான். இறங்கியதும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள் பாருங்கள், இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். பச்சை நிறத்தில் மூன்று இலை தெரிகிறதா? ஷாம்ராக். அயர்லாந்தின் அடையாளமான அதே இலை. இன்று அந்த நாட்டின் காவல் புனிதரான செயின்ட் பேட்ரிக்கின் திருநாள். இதற்கு அயர்லாந்துக்கு வெளியே அரசு விடுமுறை விடும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் இந்தத் தீவு ஒன்று.

அயர்லாந்து எங்கே, கரீபியன் எங்கே? 1630களில் ஐரிஷ்காரர்கள் இங்கே வந்து குடியேறத் தொடங்கினார்கள். பலர் ஒப்பந்தக் கூலிகள். கத்தோலிக்கர்கள் என்பதால் பக்கத்துத் தீவுகளில் இருந்த ஆங்கிலேயர்களோடு ஒத்துப்போக முடியாமல் வந்தவர்களும் உண்டு. 1678இல் எடுத்த கணக்கில் இங்கிருந்த வெள்ளையர் 2,682 பேர், அதில் 1,869 பேர் ஐரிஷ். அதனால்தான் இன்றும் இங்கே ரைலி, ஸ்வீனி, ஃபேரல், டேலி என்று குடும்பப் பெயர்கள். நேற்று நான் ஏறிய டாக்ஸியின் ஓட்டுநர் பெயரும் அப்படித்தான்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச ஆசைப்படுகிறேன். சுற்றுலா விளம்பரங்களில் இதை ‘கரீபியனின் மரகதத் தீவு’ என்பார்கள். பச்சைத் தொப்பி, பீர், பாட்டு என்று நினைத்துக்கொண்டுதான் நானும் முதல் தடவை வந்தேன். ஆனால் கூலியாக வந்த ஐரிஷ்காரர்களில் சிலர் பிறகு கரும்புத் தோட்டம் வாங்கினார்கள், அடிமைகளையும் வாங்கினார்கள். தன் நாட்டில் நிலம் பறிபோன கூட்டத்திலிருந்து வந்தவர்கள், இங்கே இன்னொருவரின் உடம்பையே சொத்தாக எழுதிக்கொண்டார்கள். ரைலி, ஸ்வீனி என்ற பெயர்களில் பல, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கு எசமானின் பெயராக வந்து ஒட்டியவை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பெயர்களை ‘அட, ஐரிஷ் பெயர்!’ என்று சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, மார்ச் 17க்கு வருவோம். 1768ஆம் வருடம். தோட்ட முதலாளிகள் எல்லாரும் அன்று பேட்ரிக் திருநாள் விருந்தில் குடித்துக் களித்திருப்பார்கள், கிளர்ச்சிக்கு ஏற்ற நாள் இதுதான் என்று அடிமைப்பட்ட மக்கள் ரகசியமாகத் திட்டம் போட்டார்கள். விருந்து வீட்டுக்குள் வேலை செய்பவர்கள் ஆயுதங்களைக் கைப்பற்ற வேண்டும், வெளியே இருப்பவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பாய வேண்டும். ரகசியம் கசிந்துவிட்டது. ஒன்பது பேருக்கு மரண தண்டனை. அடிமை முறை முடிவுக்கு வர அதற்குப் பிறகு 66 வருடம் ஆனது, 1834இல்.

இந்தத் தீவின் வரலாற்று ஆசிரியர் ஹோவர்ட் ஃபெர்கஸ் போன்றவர்கள் அந்த ஒன்பது பேரை நினைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். 1985 முதல் இது அரசு விடுமுறை. ஆக, ஒரே தேதியில் இங்கே ஒரு திருநாளும் உண்டு, ஒரு நினைவு நாளும் உண்டு.

இன்று விடியற்காலையில் கட்ஜோ ஹெட் என்ற கிராமத்தில் நின்றேன். கிளர்ச்சியில் சேர்ந்த கட்ஜோ என்பவரின் தலையை வெட்டி அங்கே ஒரு மரத்தில் மாட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அங்கிருந்துதான் ‘சுதந்திர ஓட்டம்’ புறப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், வயதானவர்கள் மெதுவாக நடக்கிறார்கள். நான் படம் பிடிக்காமல் கூடவே நடந்தேன், அதனால் அந்தக் காட்சி உங்களுக்கு இல்லை. மன்னித்துவிடுங்கள்.

இந்தச் சத்தம் கேட்கிறதா? மாஸ்கரேட் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். முகமூடி, உடம்பு முழுக்க ரிப்பன், தலையில் உயரமான கிரீடம், அதில் மயிலிறகு! கையில் சாட்டை, தரையில் அடிக்கும்போது பட்டாசு போலக் கேட்கிறது. மேளம் ஆப்பிரிக்காவுடையது, குதிகாலும் நுனிக்காலும் மாறி மாறி வைக்கும் அடவு அயர்லாந்துடையது என்கிறார்கள். சாட்டையைப் பார்த்தால் எனக்குத் தோட்ட முதலாளிதான் ஞாபகம் வருகிறார். அது இன்று யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் சாப்பாடு. இதற்குப் பெயர் ‘கோட் வாட்டர்’, அப்படியே சொன்னால் ஆட்டுத் தண்ணீர். எலும்போடு ஆட்டுக்கறி, கிராம்பு, தைம் தழை எல்லாம் போட்டு விறகடுப்பில் நேரம் எடுத்துக் கொதிக்க வைக்கிறார்கள். ரொட்டியை முக்கிச் சாப்பிட வேண்டும். கிராம்பு வாசனை தூக்கலாக இருக்கிறது, மிளகு மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்தால் நம் வீட்டு எலும்பு ரசம்தான்.

ஊற்றிக் கொடுத்த பாட்டி தலையில் கட்டியிருக்கும் துணியைக் கவனியுங்கள். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு கட்டம். இந்தத் தீவின் பாரம்பரிய உடை இது. துணிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். “மெட்ராஸ்” என்றார். நம் சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிதான், பழைய காலத்துக் கப்பல்களில் ஏறி கரீபியன் தீவுகளுக்கு வந்து, பெயரையும் கூடவே வைத்துக்கொண்டது. நான் மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்தவன் என்று சொன்னேன். அவர் துணியின் நுனியை எடுத்து என் கையில் கொடுத்து, “அப்படியானால் தொட்டுப் பார்” என்றார்.

பாட்டி இப்போது இருப்பது லண்டனில். 1995இல் எரிமலை வெடிக்கத் தொடங்கி, தலைநகர் பிளிமத் சாம்பலுக்கும் சேற்றுக்கும் அடியில் போனது. 1997 ஜூன் 25 அன்று மட்டும் 19 பேர் இறந்தார்கள். பதினோராயிரத்துக்கு மேல் இருந்த மக்களில் பாதிக்கும் அதிகமானோர் வெளியேறிவிட்டார்கள். இன்று இங்கே ஐயாயிரம் பேர்கூட இல்லை. போனவர்களில் நிறையப் பேர் ஊர் திரும்புவதற்கு இந்த மார்ச் வாரத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வர முடியாவிட்டாலும் இதற்கு வந்துவிடுவேன் என்றார் பாட்டி.

மதியம் அவரும் நானும் கரிபால்டி குன்றுக்குப் போனோம். அங்கிருந்து பார்த்தால் கீழே பிளிமத். சாம்பல் நிறத்தில் கட்டடங்கள், சிலவற்றுக்குக் கூரை மட்டும் வெளியே தெரிகிறது. அவர் விரலை நீட்டி, தேவாலயம் அங்கே, சந்தை அங்கே, என் வீடு அதற்குப் பின்னால் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வீடு இருந்த இடத்தில் எனக்கு மேடுதான் தெரிந்தது. அவர் ரொம்ப நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைத்துணியை அவிழ்த்து, இறுக்கிக் கட்டிக்கொண்டு, “வா, ஊர்வலம் போய்விடும்” என்றார்.

அதோ, ஊர்வலம் திரும்பி வருகிறது. கேமராவை அணைக்கிறேன், பாட்டி கூப்பிடுகிறார்.