வைக்கோல் நிறைந்த வயிறும் மெலியும் மாடும்

[காட்சி: அறுவடை முடிந்த வயல், ஓரத்தில் வைக்கோற்போர்]

ஆவணி மாதத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சிறுபோக வேளாண்மை வெட்டி முடிகின்ற நாட்களில், வயலெங்கும் வைக்கோல் குவிந்து கிடக்க, மேய்ச்சல் தரைகளில் புல் காய்ந்துவிடுகிறது. வயிறு முட்டத் தின்ற கறவை மாடே மெலிந்து பால் வற்றுவதைப் பட்டிக்காரர்கள் மனம் வருந்திப் பார்ப்பது அப்போதுதான்.

காரணம் அதன் முதல் இரைப்பையில் இருக்கிறது. வைக்கோலின் நாரை உடைத்துக் கொடுப்பவை அங்கு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவை பெருகுவதற்குத் தீவனத்தில் 100க்கு 7 பங்கேனும் புரதம் வேண்டும். நெல் வைக்கோலில் இருப்பதோ ஏறத்தாழ 4 பங்கு. ஆகவே அது செரியாமல் நெடுநேரம் தங்கி, மேலும் தின்ன இடமில்லாமல் செய்துவிடுகிறது.

[அண்மைக் காட்சி: சாணம்]

சாணத்தைக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். இறுகி அடுக்கடுக்காய் விழுந்து, உள்ளே விரல் நீள நார் அப்படியே தெரிந்தால், அந்த மாடு வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கிறது.

[காட்சி: தறப்பாள் விரித்த கொட்டில்]

இதற்கு ஒரு வழி, வைக்கோலை யூரியாவால் பதப்படுத்திக் கொடுப்பது. 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முற்றாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காய்ப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் பூவாளியால் தெளித்து மிதித்து இறுக்கி, தறப்பாளால் காற்றுப் புகாமல் மூடி 3 வாரம் விடுங்கள். யூரியாவிலிருந்து எழும் அமோனியா நாரை இளக்கி, நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைதரசனையும் தருகிறது. திறக்கும்போது மூக்கை அரிக்கும் நெடி வீசும். அது தணிய விட்டு, முதலில் சிறிதளவு கொடுத்துப் பழக்குங்கள். பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுங்கள். 6 மாதம் நிரம்பாத கன்றுக்கு இது ஆகாது. கரைசல் வாளி மாட்டுக்கு எட்டவே கூடாது. அதைக் குடித்த மாடு சில மணிநேரத்தில் இறந்துவிடக்கூடும்.

வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவின் இலையை வெட்டி, சற்று வாடவிட்டுச் சேர்த்தால் புரதம் கூடும். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து, 2 லீற்றர் பாலுக்கு 1 கிலோ அளவில், காலையும் மாலையுமாகப் பிரித்துக் கொடுங்கள். தாதுக் கலவையையும் மறக்க வேண்டாம்.

கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அன்பினால் அண்டாவோடு வைப்பவர்களை மன்றாடிக் கேட்கிறேன், வேண்டாம். பழக்கமில்லாத மாட்டின் இரைப்பையில் சோறு விரைவாகப் புளித்து அமிலமேறி, மாடு விழுந்துவிடும், உயிரும் போகலாம்.

[காட்சி: தண்ணீர்த் தொட்டி]

கறக்கும் ஒவ்வொரு லீற்றர் பாலுக்கும் 4 முதல் 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். வெயிலில் சூடேறிய தண்ணீரை மாடு குறைவாகவே குடிக்கும் என்பதால், தொட்டியை மரநிழலுக்கு நகர்த்திவிடுங்கள்.