கடலை வேரில் இருக்கும் சிவப்பு

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு கிராம வாசகசாலையில், மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்க, தோட்ட வேலை முடித்து நேரே வந்திருக்கிற அம்மாமார், அங்கன்வாடி டீச்சர்கள், எங்கிட்ட படிச்ச பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு பொருளைக் காட்டிவிடுகிறேன்.

இது கடலைச் செடி. காலையில் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுப் பிடுங்கி, வேரில் இருந்த மண்ணை அலசிக் கொண்டுவந்தேன். வேரில் கடுகு கடுகாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கு வேர்முண்டு என்று பேர். களை எடுக்கும்போது நீங்கள் எல்லாரும் ஆயிரம் முறை பார்த்ததுதான். இப்போது ஒன்றை நகத்தால் கிள்ளுகிறேன். முன்வரிசையில் இருக்கிற அம்மிணி, இங்கே வா. உள்ளே என்ன நிறம்? 'ரோஸ்' என்கிறாள். நன்றாகப் பார், ரத்தம் கசிந்த மாதிரி இருக்கும்.

செடிக்கு ஏது ரத்தம்? ஆனாலும் அந்தச் சிவப்பு நம் ரத்தத்தின் சிவப்புக்கு உறவுக்காரன்தான். 1939இல் ஜப்பானிய அறிஞர் குபோ, சோயா வேர்முண்டில் இருந்த இந்தச் சிவப்புப் பொருளை ஆராய்ந்து, அது ஹீமோகுளோபின் வகையைச் சேர்ந்தது என்று காட்டினார். இன்று அதை லெக்ஹீமோகுளோபின் என்கிறோம். முண்டுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகக் கொடுக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். அதே பாக்டீரியாவுக்கு மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். இந்த இக்கட்டுக்குச் செடி கண்ட வழிதான் அந்தச் சிவப்புப் புரதம். அது ஆக்சிஜனை இறுகப் பிடித்துவைத்து, வேண்டிய அளவு மட்டும் அளந்து ஊற்றுகிறது. முண்டைக் கிள்ளிப் பார்த்து உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

உங்கள் உடம்பிலும் இந்த வேரிலும் சிவப்பாக இருக்கிற அந்தப் பொருளுக்கு ஹீம் என்று பேர். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வாசலில் போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு சின்ன வளையம், அந்த நாலையும் இணைத்து ஒரு பெரிய வளையம். சின்ன வளையம் ஒவ்வொன்றிலும் ஒரு நைட்ரஜன் நடுவைப் பார்த்து நிற்கிறது. நடுப்புள்ளியில் ஒரே ஒரு இரும்பு அணு, அதை நாலு நைட்ரஜனும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. அவ்வளவுதான் ஹீம். கோலம் கிட்டத்தட்ட அதேதான், கோட்டில் சின்னச் சின்ன மாற்றம் செய்து நடுப்புள்ளியில் மெக்னீசியம் வைத்தால் பச்சையம். இந்த இரண்டு பொருளையும் ஆராய்ந்ததற்காக ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இப்போது இந்தச் செடியை இன்னொரு முறை பாருங்கள். மேலே இலையில் மெக்னீசியம் வைத்த கோலம், கீழே வேர்முண்டில் இரும்பு வைத்த கோலம். இரண்டும் ஒரே செடியில்! முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், இன்னும் இது எனக்கு அலுக்கவில்லை.

சரி, நம் ரத்தத்துக்கு வருவோம். ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாலு ஹீம், ஆக ஒரே சிவப்பணுவில் நூறு கோடிக்கு மேல். தனி ஹீமைத் தண்ணீரில் போட்டுக் காற்றுப் பட விட்டால், அதன் இரும்பு துருப்பிடித்த நிலைக்குப் போய்விடும். அப்புறம் ஆக்சிஜனைச் சுமக்காது. அதனால் குளோபின் என்ற புரதம் தன் மடிப்புக்குள் எண்ணெய்ப் பசை உள்ள ஒரு குழியில் ஹீமைச் செருகிவைத்து, தண்ணீர் அண்டாமல் காக்கிறது. ஆக்சிஜன் வந்து ஒட்டும்போது இரும்பு துளியூண்டு நகர்ந்து வளையத்தின் தளத்துக்குள் வருகிறது. அந்தச் சின்ன அசைவு புரதம் முழுவதையும் இழுத்து, பக்கத்தில் இருக்கும் ஹீமும் ஆக்சிஜனைப் பிடிக்கத் தோதாகிவிடுகிறது. இந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க மாக்ஸ் பெருட்ஸ் இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலையில் இருந்தார். 1962இல் நோபல் பரிசு வாங்கினார்.

ஹீமின் வேலை ஆக்சிஜனைச் சுமப்பதோடு முடிகிறது என்று பள்ளிக்கூடத்தில் நானே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது கால்வாசி உண்மைதான். மீதியை நம் தோட்டத்திலேயே காட்டலாம்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மலையாளத்தில் கப்ப. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடுகிறோம். வீட்டுப் பெரியவங்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் தண்ணீரை வைத்துக்கொண்டதில்லை. கிழங்கிலும் இலையிலும் இருக்கும் ஒரு பொருள், செல் நசுங்கும்போது சயனைடை விடுகிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஆடு ஒன்று வேலி தாண்டிப் போய்க் கிழங்கு இலையை மேய்ந்துவிட்டது. அரை மணி நேரத்தில் வாயில் நுரை, மூச்சு வாங்கல், கால் துடிப்பு. ஊசி போட வந்தவர் குத்திய இடத்தில் வந்த ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மூச்சுத் திணறிச் சாகிற உயிருக்கு ரத்தம் ஏன் அப்படிச் சிவந்திருக்க வேண்டும்?

ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, செல்லால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான். செல்லுக்குள் ஆற்றல் செய்யும் இடமான மைட்டோகாண்ட்ரியாவில், மூச்சின் கடைசிப் படியில் நின்று ஆக்சிஜனை வாங்கும் புரதத்திலும் ஹீம்தான் இருக்கிறது. சயனைடு நேரே அந்த இரும்பில் போய் ஒட்டி வழியை அடைத்துவிடுகிறது. அந்த ஆட்டுக்குப் போட்ட ஊசியில் இருந்தது நைட்ரைட் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அது ஹீமோகுளோபினில் ஒரு பங்கைத் துருப்பிடித்த நிலைக்கு மாற்றிவிடும். சயனைடுக்கு அந்த இரும்புதான் ரொம்பப் பிடிக்கும். செல்லை விட்டு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஹீமைக் காப்பாற்ற இன்னொரு ஹீமைப் பணயம் வைக்கிற வைத்தியம் அது. ஆடு பிழைத்தது.

மூச்சு விடும் இந்த ஹீம் புரதங்களுக்கு சைட்டோகுரோம் என்று பேர் வைத்தவர் டேவிட் கீலின். ஒளியைப் பிரித்துக் காட்டும் கருவியில் ஈ, தேனீ, ஈஸ்ட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நிறப்பட்டைகள் தெரிவதைப் பார்த்து 1925இல் எழுதினார். புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் பொங்குகிறதே, அதைப் பொங்கவைக்கும் கேட்டலேஸிலும் ஹீம் உண்டு. நாம் விழுங்கும் மாத்திரையைக் கல்லீரலில் கரைத்து அனுப்பும் நொதிகளிலும் உண்டு.

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உடம்பு ஹீமைச் செய்வதோடு நிற்பதில்லை, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எந்த மரபணுவைத் திறப்பது, எதை மூடுவது என்று அந்தக் கணக்கை வைத்து முடிவு எடுக்கிறது.

எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நொடியும் இருபது லட்சத்துக்கு மேல் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஹீமையும் செய்ய வேண்டும், குளோபினையும் செய்ய வேண்டும், இரண்டும் சரிசமமாகச் சேர வேண்டும். இரும்பு போதவில்லை என்றால் ஹீம் குறையும். அப்போது குளோபினை மட்டும் செய்துகொண்டே போனால்? துணை இல்லாத குளோபின் கட்டிக் கட்டியாகத் திரிந்து செல்லையே கொன்றுவிடும். இதற்கு ஒரு காவலாள் இருக்கிறான், அவனும் ஒரு புரதம்தான். ஹெச்.ஆர்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அவன் மேல் ஹீம் ஒட்டியிருக்கும்வரை சும்மா இருப்பான். ஹீம் குறைந்து விலகியதும் விழித்துக்கொண்டு, புரதம் செய்யும் எந்திரத்தையே மெதுவாக்கிவிடுவான். அதனால் பிறக்கும் சிவப்பணு சின்னதாக, வெளிறிப்போய் இருக்கும்.

ரத்த சோகை உள்ளவரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிவது இந்தச் சின்ன, வெளிறிய அணுக்கள்தான். அவற்றை உடம்பின் தோல்வி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காவலாள் இல்லாத எலிகளை இரும்பு குறைத்து வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றின் அணுக்கள் அப்படிச் சுருங்கவில்லை, உள்ளே குளோபின் திரிந்து உடைந்தே போயின. அரிசி குறைவாக இருக்கிற நாளில் உலையைச் சின்னதாக வைக்கிற வீட்டுக்காரியின் கணக்கு இது. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு புரதம் பாக்-1. இது டி.என்.ஏ.வில் சில மரபணுக்கள் மேல் உட்கார்ந்து பூட்டுப் போட்டுவைக்கிறது. ஹீம் பெருகி இதன் மேல் ஒட்டினால், பூட்டு கழன்று விழுகிறது. உடனே ஹீமை உடைக்கும் நொதியின் மரபணு திறக்கிறது, இரும்பைச் சேமிக்கும் புரதத்தின் மரபணு திறக்கிறது. அதாவது அதிகப்படியாக வந்த பொருளே தன்னை ஒழுங்குசெய்யும் கதவைத் திறந்துவிடுகிறது. கல்லீரலில் இன்னொரு ஏற்பாடு. ஹீம் தயாரிப்புக்கு எட்டுப் படிகள். போதுமான ஹீம் சேர்ந்ததும் அது முதல் படிக்கே திரும்பிப் போய், அந்த நொதியின் உற்பத்தியை நிறுத்திவிடும். போர்ஃபிரியா என்ற நோயின் ஒரு வகையில் நடுப்படி ஒன்று பழுதாகி, ஹீம் வராததால் முதல் படி மட்டும் வெறிகொண்டு ஓடும். வயிற்றுவலி தாங்காது, சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறும். பட்டினி கிடந்தால் இன்னும் மோசமாகும். அவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக ஹீமையே ஏற்றுகிறார்கள். கல்லீரல் அதைப் படித்துவிட்டு முதல் படியை மூடிவிடுகிறது. மருந்து செய்கிற வேலை அங்கே ஒரு சேதி சொல்வதுதான்.

ராத்திரி பகல் கணக்கு வைத்திருக்கும் நம் உடம்புக் கடிகாரத்தில்கூட ஹீம் ஒட்டுகிற ஒரு புரதம் உண்டு. ரெவ்-எர்ப் என்று பேர். 2007இல் தெரியவந்தது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இந்தக் கணக்கெல்லாம் நமக்கு எதற்கு என்றால், என் தங்கச்சி கதையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு எப்போதும் அசதி. ரத்தப் பரிசோதனையில் அணுக்கள் சின்னது, வெளிறியது என்று வந்தது. இரண்டு வருஷம் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஏறவில்லை. 'நீ ஒழுங்காப் போடறதில்லை' என்று அவளையே திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். அதற்கு இன்னும் வருந்துகிறேன். கடைசியில் வேறொரு இடத்தில், உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையும் எடுத்தார்கள். இரும்பு நிறைய இருந்தது. குறைந்தது குளோபின். குளோபினைக் குறைவாகச் செய்யவைக்கிற பரம்பரை நோயான தலசீமியாவைச் சுமக்கும் மரபணு ஒன்று அவளுக்கு இருந்தது. ஹீமும் குளோபினும் ஜோடி என்பதால் எது குறைந்தாலும் அணு சின்னதாகத்தான் பிறக்கும். பார்வைக்கு ஒரே மாதிரி, காரணம் வேறு. அதனால் அங்கன்வாடி டீச்சர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை தொடர்ந்து போட்டும் ஏறாத பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள், அடுத்த பரிசோதனைக்கு அனுப்புங்கள். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் இரும்புக் குறைவு, அவர்களுக்கு மாத்திரை வேலை செய்யும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் தருகிற நீல மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்கட்டும். கூடவே டீ வேண்டாம், ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் நல்லது.

அட்டப்பாடியில் இருளர் குடும்பங்களில் அரிவாள் செல் நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். குளோபினில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் வருவது. நூற்றிருபது நாள் வாழ வேண்டிய அணு பத்திருபது நாளில் உடைந்துபோகிறது. உடைந்தால் ஹீம் ரத்தத்தில் சிந்துகிறது. புரதத்தின் குழிக்குள் இருக்கும்வரை உயிர் காக்கும் அதே ஹீம், வெளியே வந்தால் ரத்தக்குழாயின் சுவரை அரிக்கும். அதைப் பொறுக்கி எடுக்க ரத்தத்தில் தனிப் புரதங்கள் இருக்கின்றன. நாள்தோறும் உடைந்துகொண்டே இருந்தால் அவையும் தீர்ந்துபோகும்.

நமக்கும் தினமும் கொஞ்சம் உடையத்தான் செய்கிறது, பெரும்பாலும் மண்ணீரலில். பிள்ளை விழுந்து முட்டியில் ரத்தம் கட்டினால் கவனித்துப் பாருங்கள். முதலில் கருநீலம், நாலைந்து நாளில் ஓரம் பச்சை, அப்புறம் மஞ்சள். ஹீம் வளையத்தை நொதி வெட்டித் திறக்கும்போது வருவது பச்சை நிறப் பொருள். அது மாறி மஞ்சளாகிறது. அந்த மஞ்சள் கல்லீரல் வழியாகப் பித்தத்தில் போகிறது. கல்லீரல் இன்னும் பழகாத பச்சைக் குழந்தைக்கு அது தேங்கினால்தான் காமாலை. வெட்டும்போது விடுபடுகிற இரும்பை உடம்பு வீணாக்குவதில்லை, தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் திரும்ப மஜ்ஜைக்கே போகிறது. சாப்பாட்டிலிருந்து நாம் புதிதாக எடுத்துக்கொள்வது ஒன்றோ இரண்டோ மில்லிகிராம்தான்.

செடிகளை மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறேன். பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு முண்டைக் கிள்ளிப் பார்க்கட்டும். பிளேடு வேண்டாம், நகமே போதும்.