இலவு காத்த கிளியா உதவிப் பயிற்சியாளர்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் உதவிப் பயிற்சியாளர் வேலை என்பது தலைமைப் பதவிக்கு ஏறும் படியா, அதுவே ஒரு நிறைவான தொழிலா என்பது தலைப்பு. நிறைவான தொழில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவைக் காட்டினார். 1995-இல் மயாமி ஹீட் அணியின் வீடியோ அறைக்குள் நுழைந்தவர், 2008-இல் தலைமைப் பயிற்சியாளர். அப்புறம் இரண்டு கோப்பைகள். நானும் கைதட்டினேன். ஆனால் அதே மூச்சில், கடைசிவரை உதவியாளராகவே இருப்பவர்களை ‘இலவு காத்த கிளி’ என்றாரே, அதுதான் சுருக்கென்றது.

டெக்ஸ் வின்டர் எந்தப் பழத்துக்குக் காத்திருந்தார்? 1971-லேயே ராக்கெட்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர் அவர். இரண்டாவது சீசன் முடிவதற்குள் வேலை போயிற்று. 1985-இல் சிகாகோ புல்ஸ் உதவியாளராகக் கூப்பிட்டபோது வயது 63. பழத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு வந்த கிளி ஐயா அது!

மூலையில் ஒருவர், பக்கவாட்டில் ஒருவர், கூடைக்கு அருகே ஒருவர். இந்த மூவர் நிற்கும் முக்கோணத்தில்தான் அவருடைய ‘ட்ரையாங்கிள்’ ஆட்டம் தொடங்கும். ஒரு பாஸை எதிராளி அடைத்தால் பந்து அடுத்து எங்கே போகும் என்பது ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மைக்கேல் ஜோர்டான் ஆடிய அணிக்கே, நெஞ்சிலிருந்து இரு கையால் பந்தைத் தள்ளும் பள்ளிக்கூடப் பாஸைத் திரும்பத் திரும்பப் பயிற்றுவித்த மனிதர். தலைமைப் பயிற்சியாளர் பில் ஜாக்சனின் பக்கத்தில் உட்கார்ந்து சிகாகோவில் 6 பட்டம், பிறகு லேக்கர்ஸ் அணியில் வரிசையாக 3. 2011-இல், 89 வயதில், கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

சரி, “உழைப்பு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கா?” என்றார்கள் எதிரணியினர். 2015-16 சீசனில் வாரியர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் முதுகு அறுவை சிகிச்சையால் ஓய்விலிருந்தபோது, உதவியாளர் லூக் வால்டன் 43 ஆட்டங்களை நடத்தி 39-இல் வென்றார். முதல் 24 தொடர் வெற்றி! ஏட்டில் அத்தனையும் கெர் பெயரில். அநியாயம்தான், மறுக்கவில்லை. பிறகு லேக்கர்ஸில் சொந்தப் பெயரோடு தலைமைப் பதவியும் கிடைத்தது. மூன்று சீசன், பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. பெயர் வந்தது, வெற்றியைக் காணோம்.

அடுத்த முறை ஆட்டத்தை நிறுத்தி அணிகள் கலந்து பேசும் டைம்அவுட் வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். 75 விநாடி. பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளர் நேரே வீரர்களிடம் போவதில்லை. நாலடி தள்ளி உதவியாளர்களோடு ஒரு சின்ன வட்டம். வரப்போகும் அணிகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு படித்தவர்கள் அவர்கள். அன்றைய எதிரணியைத் துண்டு துண்டாக வீடியோவில் அலசியவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்வார். அதுதான் சற்று நேரத்தில் பலகையில் கோடாக விழும்.

அந்த வட்டத்தில் போய் நின்று, அவரைக் கிளி என்று எதிரணித் தலைவர் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கட்டும். மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, உட்காருகிறேன்.