கேட்டது கால், கிடைத்தது வேலை

ஸ்தோத்திரம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது.

வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தவர், கேரளத்துப் பெண் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு வெளியே கிளம்பிய வண்டி வழியில் கவிழ்ந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை.

இப்படிப்பட்டவரைப் பார்க்க நாம் ஆரஞ்சுப் பழத்தோடு போவோம். கட்டில் ஓரம் நின்று, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும், சிஸ்டர்" என்போம். ஒரு ஜெபம். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். நானும் செய்திருக்கிறேன். வசனம் பொய்யில்லை, ஆனால் அதை முதலில் சொல்லும் உரிமை படுத்திருப்பவருக்குத்தான். அப்போஸ்தலன் பவுலே தன் மாமிசத்தில் இருந்த முள், அதாவது தன்னை விடாமல் வருத்திய ஒரு வேதனை, நீங்க மூன்று தரம் கர்த்தரிடம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்தது. முள் போனதாக எழுதியில்லை, கவனியுங்கள்.

மேரிக்கும் கால்கள் திரும்பவில்லை. அதே சி.எம்.சி.யின் சர்ஜன் டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஆறுதலாகக் கொடுத்தது ஒரு வேலை. தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்கிற ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார்.

அது என்ன ஆபரேஷன்? தொழுநோயில் கை நரம்பு செத்துப்போனால் விரல்கள் பருந்தின் கால்போல மடங்கி நின்றுவிடும். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுக்க வராது. நன்றாக வேலை செய்கிற வேறொரு தசையின் நாணை எடுத்து, விரலுக்குக் கொண்டுவந்து தைப்பார்கள். மாவுக்கட்டு பிரித்தபின் பயிற்சி. விரல் மெல்ல நிமிரும். உணர்ச்சி மட்டும் திரும்பாது. சூடான டம்ளரைப் பிடித்தால், தோல் வெந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேரியின் கால்களும் அப்படித்தானே! ஒரே இடத்தில் அழுந்தி உட்கார்ந்திருந்தால் புண் வரும், வலி வந்து சொல்லாது. இடம் மாற்றி உட்கார மறக்கவே கூடாது. அப்படிப்பட்டவர், "கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்" என்று ஒரு நோயாளியிடம் சொன்னால் அது வெறும் டாக்டர் பேச்சா?

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த், அமெரிக்காவின் நியூயார்க் என்று போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1972-இல் பத்மஸ்ரீ வந்தது. அது இருக்கட்டும். எனக்கு முக்கியமானது 1966-இல் வேலூர் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு மையம். தண்டுவடம் அடிபட்டு, இனி என்ன என்று தெரியாமல் ஒருவர் அங்கே படுத்திருப்பார். அவரைப் பார்க்க டாக்டர் வருவார், சக்கர நாற்காலியில். "உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது" என்று அந்த டாக்டர் வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டுமா என்ன?